கண்டிப்பான பாலடினை ஆடுவது எப்படி: சபதம் எழுதுவதிலிருந்து சபதம் உடைவது வரை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டுகளில், சபதம் எடுத்துக்கொண்ட புனித வீரர்தான் பாலடின். "பாலடினா? வேண்டாமே" என்று முகம் சுளிக்கும் மேசைகள், அதாவது ஆட்டக் குழுக்கள், நிறைய உண்டு. அந்தக் கெட்ட பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள், தங்கள் சபதத்தைக் குழுவில் உள்ள எல்லோருக்கும் போட்ட சட்டம் என்று எண்ணி ஆடியவர்கள். ரோக் (திருட்டுக் கலை தெரிந்தவர்) பூட்டைத் திறந்தால் ஓர் உபதேசம். விஸார்ட் (மந்திரவாதி) காவலனிடம் கதை விட்டால் இன்னோர் உபதேசம். கைதியை என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தால் அன்றைய ஆட்டத்தில் பாதி போய்விடும்.

கண்டிப்பைக் குறைப்பது இதற்குத் தீர்வு ஆகாது. கண்டிப்பு இல்லாத பாலடின் கவசம் போட்ட இன்னொரு ஃபைட்டர் (சாதாரணப் போர்வீரர்), அவ்வளவுதான். கண்டிப்பு முழுசாக இருக்கட்டும், ஆனால் அதற்கான விலையை முதலில் பாலடினே தன் பையிலிருந்தும் தன் உடம்பிலிருந்தும் கொடுக்கட்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன. எண்கள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை. வேறு பதிப்பு என்றால் அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறது.

முதலில், எந்தப் பதிப்பின் பாலடின்?

ஒரே மேசையில் நான்கு பேர் நான்கு விதமான பாலடினை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சண்டை பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பாலடின் இந்த விளையாட்டுக்குள் வந்தது 1975-இல். 1978-இல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பில் அதன் விதிகள் இறுகின. மனிதர் மட்டுமே பாலடின் ஆகலாம், கரிஸ்மா (ஆளுமைத் திறன்) 17 வேண்டும். மூன்று பகடை உருட்டி 17 அல்லது 18 விழுவது 54 முறைக்கு ஒரு முறைதான். அப்படிக் கிடைத்த பிறகும் வைத்துக்கொள்ளக் கூடிய மந்திரப் பொருள்கள் பத்து மட்டும்: ஒரு கவசம், ஒரு கேடயம், நான்கு ஆயுதங்கள், மற்றவை நான்கு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானம். தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் பாலடின் என்ற நிலை நிரந்தரமாகப் போய்விடும். மீட்பே கிடையாது.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு கதவைக் கொஞ்சம் திறந்தது. நெறியை மீறினால் சக்திகள் போகும், 'அட்டோன்மென்ட்' மந்திரத்தால் திரும்பப் பெறலாம். ஆனால் தீயவர்கள் என்று தெரிந்தவர்களோடு சேர்ந்து பயணிக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. பல மேசைகளை உடைத்தது இந்த ஒற்றை வரிதான். பாலடின் யாரோடு நடக்கலாம் என்று அது தீர்மானித்ததால், மற்றவர்கள் எந்த மாதிரி கேரக்டரை ஆடலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டது. 2008-இன் நான்காம் பதிப்பில் 'லாஃபுல் குட்' (சட்டத்தை மதிக்கும் நல்லவர் என்ற குண வகை) கட்டாயம் நீங்கியது, தவறியதற்காகச் சக்தி பறிபோவதும் இல்லை. 2014-இல் மூன்றாம் லெவலில் தேர்ந்தெடுக்கும் சபதம் வந்தது.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) இந்த வகுப்புக்கு 'சாம்பியன்' என்று பெயர் வைத்து, ஒரு நல்ல காரியம் செய்தது: சபதங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தியது. இரண்டு மோதினால் மேலே உள்ளது வெல்லும். நீங்கள் எந்த விளையாட்டை ஆடினாலும் இந்த யோசனையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: எழுதுவதற்கு முன் டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) கேட்க வேண்டியவை

கேரக்டர் ஷீட்டைத் தொடுவதற்கு முன், செஷன் ஸீரோவிலேயே (ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து பேசும் நாள்) இவற்றுக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த உலகில் தீமை என்பது தொட்டு உணரக்கூடிய ஒரு சக்தியா, அல்லது மனிதர்களின் செயல்தானா? ஆர்க், காப்ளின் போன்ற அரக்க இனத்தவர் பிறவியிலேயே கெட்டவர்களா, அல்லது அவர்களிடமும் குழந்தைகளும் வியாபாரிகளும் உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு குகைக்குள் நுழைந்து, கடைசி அறையில் காப்ளின் குழந்தைகளைப் பார்த்துத் திகைத்து நிற்கும் நிலை பாலடின் ஆடுபவர்கள் பலருக்கும் வந்திருக்கிறது.

அடுத்து, சபதத்தை மீறினால் என்ன நடக்கும், அதைத் தீர்மானிப்பது யார்? மீறப்போகிறேன் என்றால் முன்கூட்டியே எச்சரிக்கை வருமா? "நீ இதைச் செய்தால் உன் சபதம் உடையும், உன் கேரக்டருக்கு அது தெரியும்" என்று டிஎம் ஒரு வரி சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பல வருடம் அந்த நெறியில் வாழ்ந்த மனிதருக்குத் தெரிந்த விஷயம், வாரம் ஒரு முறை ஆட வரும் உங்களுக்கு மறந்திருக்கலாம். அதை நினைவூட்டுவது சலுகை ஆகாது.

மற்ற கேரக்டர்கள் என்னென்ன? ஒற்று, ஏமாற்று, கொள்ளை என்றே முழுக் கேம்பெய்னும் (பல செஷன் தொடரும் கதை) ஓடப்போகிறது என்றால் கண்டிப்பான பாலடின் அங்கே பொருந்தாது. வேறு கேரக்டர் எடுப்பதுதான் மரியாதை. இதில் வளைந்து கொடுத்து உள்ளே நுழைந்தால், பத்தாவது செஷனில் யாராவது ஒருவர் எழுந்து போவார்.

சித்திரவதை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை போன்றவை மேசையில் வரலாமா என்பதையும் அதே நாளில் பேசிவிடுங்கள். வரவே கூடாதவை எவை, திரைக்குப் பின்னால் நடந்ததாக மட்டும் சொல்லிக் கடக்க வேண்டியவை எவை என்று இரண்டு பட்டியல் போதும். பாலடின் இருக்கும் குழுவில் இப்படிப்பட்ட காட்சிகள் அதிகம் வரும், ஏனென்றால் டிஎம்கள் அவரைச் சோதிக்க விரும்புவார்கள்.

படி 2: சபதத்தை எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் உள்ள சபதம் ஒரு தொடக்கம் மட்டுமே. 'ஓத் ஆஃப் டிவோஷன்' நேர்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை என்று ஐந்து குணங்களைச் சொல்கிறது. குணங்களை வைத்து ஆட முடியாது. "இரக்கம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு, கைகள் கட்டப்பட்டு நிற்கும் கொள்ளைக்காரனை என்ன செய்வது என்று முடிவெடுக்க இயலாது. குணத்தைச் செயலாக மாற்றி எழுத வேண்டும்.

எழுதும் விதிகள் இவை. மூன்றுக்குக் குறையாமல், ஐந்துக்கு மேல் போகாமல் சபதங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவதை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொன்றும் "நான்" என்று தொடங்கட்டும். "யாரும் பொய் சொல்லக் கூடாது" என்று எழுதிவிட்டால் நீங்கள் பாலடினைவிட்டு நீதிபதியை ஆடப் போகிறீர்கள். "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்பதுதான் சபதம். செய்வேன் என்பது குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். எல்லாமே "மாட்டேன்" என்றால் அந்தக் கேரக்டர் கதையைத் தடுக்கவே செய்யும், முன்னால் தள்ளாது. கடைசியாக, வரிசை. மேலே உள்ளது கீழே உள்ளதை வெல்லும்.

ஒரு மாதிரி:

1. ஆபத்தில் உள்ள அப்பாவிக்கும் ஆயுதத்துக்கும் நடுவில் நான் நிற்பேன்.
2. சரணடைந்தவரையும் நிராயுதபாணியையும் நான் கொல்ல மாட்டேன், என் கண்முன் கொல்ல விடமாட்டேன்.
3. கொடுத்த வாக்கை நான் காப்பேன்.
4. நான் பொய் சொல்ல மாட்டேன். மௌனம் காக்கும் உரிமை எனக்கு உண்டு.
5. எனக்கு வரும் பங்கில் பத்தில் ஒன்றை, அது எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊரின் ஏழைகளுக்குக் கொடுப்பேன்.

இரண்டாவது சபதத்தில் மட்டும் "விடமாட்டேன்" என்று வந்திருப்பதைக் கவனியுங்கள். மற்றவர்களின் கையைப் பிடிக்கும் உரிமையை இந்தக் கேரக்டர் ஒரே ஒரு இடத்தில் எடுத்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட வரி ஒன்றுதான் இருக்கலாம். அதையும் செஷன் ஸீரோவில் சத்தமாக வாசித்து, மற்றவர்கள் "சரி" என்று சொன்ன பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வைத்தால் உங்கள் விருப்பப்படிதான் குழு ஆட முடியும்.

எழுதியதும் சோதித்துப் பாருங்கள். கொலைகாரன் கதவைத் தட்டி, "அந்தப் பெண் உள்ளே இருக்கிறாளா?" என்று கேட்கிறான். மேலே உள்ள வரிசைப்படி, அப்பாவியைக் காப்பது முதலிடம், உண்மை நான்காம் இடம். ஆகவே வேறு வழியே இல்லையென்றால் பொய் சொல்லலாம். ஆனால் மௌனம் காக்கலாம், கதவில் குறுக்கே நிற்கலாம் என்ற வழிகள் இருக்கும்வரை பொய்க்கு அனுமதி இல்லை. பொய் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு பரிகாரமும் செய்ய வேண்டும். வரிசை அனுமதித்தது என்பதால் மீறல் மறைந்துவிடாது. இன்னும் சில: ஊரின் சட்டமே ஓர் அநியாயத்தைக் கட்டாயப்படுத்தினால்? மனம் மயக்கப்பட்ட தோழர் உங்கள் மீது வாளை வீசினால்? சரணடைந்தவன் இரண்டாம் முறை துரோகம் செய்தால்? மூன்று கேள்விக்கும் அரை நிமிடத்தில் பதில் வரவில்லை என்றால் சபதம் இன்னும் தெளிவாகவில்லை.

'ஓத் ஆஃப் வெஞ்சன்ஸ்' எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தீயவருக்கு இரக்கம் இல்லை, எந்த வழியிலும் முடிப்பேன் என்று அதில் வருவதைப் பிடித்துக்கொண்டு, சட்டமே இல்லாத பாலடின் என்று பலர் ஆடுகிறார்கள். அதே சபதத்தில், அந்தத் தீயவரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கடமையும் இருக்கிறது. பழிவாங்கிய பிறகு எரிந்த வீட்டைக் கட்டிக்கொடுக்க நிற்காதவர் அந்தச் சபதத்தில் பாதியைத்தான் ஆடுகிறார்.

படி 3: சபதத்துக்குப் பின்னால் ஓர் ஆள்

சுருக்கமாகவே போதும். யாரிடம், எப்போது, எதைப் பார்த்த பிறகு சபதம் எடுத்தார் என்று மூன்று வரி எழுதுங்கள். பிறகு சபதத்தில் வராத இரண்டு விஷயங்களைச் சேருங்கள்: அவருக்குப் பிடித்த ஒன்று, அவர் கூச்சப்படும் ஒன்று. குழந்தைகளோடு கல் விளையாட்டு ஆடுவார், படிக்கத் தெரியாததை மறைப்பார், குதிரையோடு பேசுவார், இப்படி எதுவும். சபதத்தை மட்டும் பேசும் மனிதரோடு யாரும் மூன்று இரவு கூடாரத்தில் தங்க மாட்டார்கள். தோழர்களுக்கு முதலில் அவரைப் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் அவருடைய கண்டிப்புக்கு ஒரு கனம் வரும்.

படி 4: எண்கள்

ஆறு திறன்களுக்கும் பிரித்துப் போடக் கொடுக்கப்பட்ட 15, 14, 13, 12, 10, 8 என்ற வரிசையில் 15-ஐ ஸ்ட்ரெங்த்துக்கும் (உடல் பலம்) 14-ஐ கரிஸ்மாவுக்கும் 13-ஐ கான்ஸ்டிட்யூஷனுக்கும் (தாங்கும் திறன்) வையுங்கள். பிளேட் கவசத்துக்கு ஸ்ட்ரெங்த் 15 வேண்டும், இல்லையென்றால் வேகம் 10 அடி குறையும். 12-ஐ விஸ்டமில் வைத்தால் ஒருவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கும் 'இன்சைட்' ரோலுக்கு உதவும். பொய் சொல்லாதவருக்கு அது அவசியம். டெக்ஸ்டெரிட்டியில் (சுறுசுறுப்பு) 8 வைத்தால் பாதகம் குறைவு, கனமான கவசம் அதைப் பார்ப்பதில்லை.

சண்டைப் பாணியாக 'புரொடெக்ஷன்' எடுங்கள். கணக்குப் போடுபவர்கள் இதைவிட 'டிஃபென்ஸ்' மேல் என்பார்கள், எண்ணளவில் அது சரிதான். ஆனால் ஐந்து அடிக்குள் நிற்கும் தோழரைத் தாக்க வரும்போது ரியாக்ஷனை (எதிராளியின் முறையில் செய்யும் எதிர்வினை) செலவழித்துக் கேடயத்தை நீட்டி, அந்தத் தாக்குதலுக்கு டிஸட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) கொடுப்பது உங்கள் முதல் சபதத்தின் உடல்மொழி. உபதேசம் செய்யாமலே நீங்கள் யார் என்று மேசைக்குச் சொல்லிவிடும்.

'லே ஆன் ஹேண்ட்ஸ்' (தொட்டுக் குணமாக்கும் திறன்) என்பது லெவலுக்கு ஐந்து பாயிண்ட் என்று சேரும் ஒரு குடம். ஐந்தாம் லெவலில் 25. விழுந்த தோழரை எழுப்ப ஒரு பாயிண்ட் போதும், சண்டை நடுவே மொத்தத்தையும் ஒருவர் மேல் கொட்டாதீர்கள். ஒரு விஷத்தையோ ஒரு நோயையோ நீக்க ஐந்து பாயிண்ட் வேண்டும், ஆகவே எப்போதும் ஐந்தை மிச்சம் வையுங்கள். வழியில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு கிழவருக்கு அந்த ஐந்தைச் செலவழிக்கும் காட்சி, எந்தச் சண்டையையும்விட இந்தக் கேரக்டரை நிலைநிறுத்தும். அன்று மாலை சண்டையில் அந்த ஐந்து இல்லாமல் தவிப்பீர்கள். அதுதான் நான் சொன்ன விலை.

'டிவைன் ஸ்மைட்' (அடியோடு கூடுதல் புனித சேதம்) அடி விழுந்த பிறகு அறிவிக்கலாம்: முதல் நிலை ஸ்லாட்டுக்கு (மந்திரம் செய்யச் செலவாகும் வாய்ப்பு) 2டி8, அதாவது எட்டு முகப் பகடை இரண்டு, ஒவ்வொரு மேல் நிலைக்கும் இன்னொரு 1டி8, அதிகபட்சம் 5டி8, பேய்களுக்கும் நடைபிணங்களுக்கும் கூடுதலாக 1டி8. ஸ்லாட் முழுவதையும் இதற்கே எரிப்பதுதான் பொதுவான தவறு. காப்பவரை ஆடுகிறீர்கள் என்றால் 'கம்பெல்டு டுவெல்', 'சாங்க்சுவரி', 'கமாண்ட்' மூன்றுக்கும் ஸ்லாட் வேண்டும். முதலாவது எதிரியை உங்கள் பக்கம் இழுக்கும். இரண்டாவது டிவோஷன் சபதத்தோடு வருவது: அப்பாவி ஒருவரை ஒரு நிமிடம் காக்கும், அவரைத் தாக்க நினைப்பவர் விஸ்டம் சேவில் (தப்பிக்க உருட்டும் ரோல்) தோற்றால் வேறு இலக்கு தேட வேண்டும். ஆனால் ஃபயர்பால் போல இடம் முழுவதும் பரவும் தாக்குதலை அது தடுக்காது. மூன்றாவது ஒரு சொல்லால் சண்டையை நிறுத்தும். 2024 பதிப்பில் ஸ்மைட் ஒரு மந்திரமாகி போனஸ் ஆக்ஷன் (ஒரு சுற்றில் ஒன்று மட்டும் கிடைக்கும் கூடுதல் செயல்) கேட்கிறது, லே ஆன் ஹேண்ட்ஸும் போனஸ் ஆக்ஷன்தான். ஒரே சுற்றில் இரண்டும் முடியாது. அடிப்பதா, ஆற்றுவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆறாம் லெவலில் வரும் 'ஆரா ஆஃப் புரொடெக்ஷன்' பத்து அடிக்குள் உள்ள தோழர்களின் எல்லா சேவிங் த்ரோவிலும் உங்கள் கரிஸ்மா மாடிஃபையரை (அந்த எண்ணிலிருந்து வரும் கூட்டல்) கூட்டும். ஐந்து அடிக் கட்டத்தில் அது இரண்டு கட்டம். தனியாக முன்னே ஓடிப் போனாலும், நினைவிழந்து விழுந்தாலும் அந்தக் காப்பு தோழர்களுக்கு இல்லாமல் போகும்.

இன்னொன்று: 'டிவைன் சென்ஸ்' கெட்ட மனிதர்களைக் காட்டாது. 60 அடிக்குள் தேவகணம், பேய், நடைபிணம் இருப்பதை மட்டும் காட்டும். அதை வைத்து "இந்த வியாபாரி தீயவன்" என்று வெட்டப் போவது விதியையும் தவறாகப் படித்தது, சபதத்தையும் மீறியது. தீமையையே உணரும் பழைய பதிப்புகளிலும்கூட, மனதில் தீமை இருப்பது கொல்வதற்கான அனுமதி ஆகாது. செயலுக்குத்தான் தண்டனை.

படி 5: மேசையில்

பேச்சுக் கட்டுப்பாட்டில் தொடங்கலாம். சபதம் சம்பந்தமாக ஒரு காட்சியில் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசாதீர்கள். முதல் வாக்கியம் உங்கள் நிலை, இரண்டாவது மாற்று வழி, மூன்றாவது அந்த வழிக்கு நீங்கள் கொடுக்கும் விலை. "இவரைக் கொல்ல நான் விடமாட்டேன். கட்டி ஊருக்குக் கொண்டுபோவோம். இரவுக் காவல் முழுவதும் என்னுடையது." இதோடு முடிந்தது. "உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் சபதத்தில் கிடையாது.

கைதிகள். எல்லாப் பிரச்சினைக்கும் தாய் இதுதான், ஆகவே முறையாகப் போவோம். கைகலப்பு அடியால் எதிரியின் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யம் ஆகும் அந்தக் கணத்தில் "உயிரோடு விடுகிறேன்" என்று அறிவித்தால் போதும், அவர் மயங்குவார், ரோலில் எந்தக் குறைப்பும் இல்லை. அம்புக்கும் தூர மந்திரத்துக்கும் இது செல்லாது. 3.5 பதிப்பில் (மூன்றாம் பதிப்பின் திருத்தம்) சாதாரண வாளால் கொல்லாமல் அடிக்க நான்கு குறையும், பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் இரண்டு குறையும். சண்டை முடிந்ததும் ஆயுதத்தைப் பறித்து, கட்டி, "இவர் என் பொறுப்பு" என்று சொல்லுங்கள். விசாரணைக்கு வழியில்லாமல் தோழர்கள் கத்தியைக் காய்ச்சப் போவதற்கு முன் நீங்களே ஒரு வழி வைத்திருக்க வேண்டும். ஐந்தாம் லெவல் டிவோஷன் பாலடினுக்கு 'ஸோன் ஆஃப் ட்ரூத்' உண்டு: 15 அடி ஆரம், பத்து நிமிடம், கரிஸ்மா சேவில் தோற்றவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. தோற்றாரா என்பது உங்களுக்குத் தெரியும். அவர் மழுப்பலாம், மௌனமாக இருக்கலாம், ஆகவே கேள்விகளை ஆம் இல்லை என்று பதில் வரும்படி முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த மந்திரம் இல்லையென்றால் விடுதலை வாக்குறுதிதான் உங்கள் கருவி. உங்கள் வாக்கு பொய்க்காது என்று நாட்டில் பெயர் பரவினால், ஆறு மாத ஆட்டத்துக்குப் பிறகு எதிரிகள் உங்களிடம் மட்டும் சரணடைய வருவார்கள்.

பிறகு அவரை எங்கே கொண்டுபோவது? நீதிமன்றம் உள்ள ஊர் அருகில் இருந்தால் அங்கே. இல்லையென்றால் ஆயுதமும் பூட்ஸும் இல்லாமல், ஒரு நாள் உணவோடு விடுதலை. கூட இழுத்துக்கொண்டு போவது கடைசி வழி, ஏனென்றால் ஒவ்வொரு செஷனிலும் அதே வாதம் திரும்ப வரும்.

இங்கே டிஎம்களிடம் ஒரு வேண்டுகோள். விடுதலை பெற்ற ஒவ்வொரு கைதியும் படையோடு திரும்பி வந்தால், இரக்கம் முட்டாள்தனம் என்றுதான் மேசை கற்றுக்கொள்ளும். மூன்று பேரை விட்டால் ஒருவர் காணாமல் போகட்டும், ஒருவர் துரோகம் செய்யட்டும், ஒருவர் பல செஷன் கழித்து ஒரு கதவைத் திறந்துவிடட்டும்.

திருட்டு. யாரிடமிருந்து என்று பாருங்கள். கொடுங்கோலனின் கோட்டைப் பூட்டை ரோக் திறப்பது உங்கள் சபதத்தைத் தொடுவதே இல்லை. சந்தையில் ஒரு மூதாட்டியின் பை காணாமல் போனால், உங்களுக்குத் தெரிந்தபின் உங்கள் பங்கிலிருந்து அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். காவலரிடம் காட்டிக்கொடுக்க வேண்டாம், ரோக்கின் பையைச் சோதனை போட வேண்டாம். மூன்று முறை நீங்கள் பணம் கொடுத்ததைப் பார்த்த பிறகு அந்த ரோக் ஆடுபவர் தானாகவே வேறு இலக்கு தேடுவார். தேடவில்லை என்றாலும் உங்கள் சபதம் முழுசாக இருக்கிறது.

பொய். கோட்டைக்குள் மாறுவேடத்தில் நுழையும் திட்டம் வந்தால், பேசாத மெய்க்காவலர் வேடம் உங்களுடையது. பார்ட் (பாணர்) பேசட்டும். நேராகக் கேட்டால் "அதற்கு என் தலைவர்தான் பதில் சொல்வார்" என்பது அங்கே உண்மையாக இருக்கும்படி, உள்ளே போகும் முன்பே பார்டை அன்றைய தலைவராகத் தேர்ந்தெடுங்கள். மாறுவேடமே பொய்யா என்பதைப் படி 2-இலேயே தீர்மானித்திருக்க வேண்டும். வாசலில் நின்றுகொண்டு தீர்மானிக்க முடியாது.

"பாலடின், நீ வெளியே போய் குதிரையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு உள்ளே கைதியை வதைக்கும் பழைய தந்திரம் இருக்கிறது. முதல் முறை உண்மையாகவே தெரியாமல் போகலாம். இரண்டாம் முறை தெரிந்துகொண்டே குதிரையிடம் போனால், சபதம் அங்கேயே செத்துவிட்டது. கதவருகே உட்கார்ந்து "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொன்னால் போதும், வேறு வாதம் வேண்டாம்.

சில நேரம் எந்த மாற்று வழியும் எடுபடாது. தோழர் கைதியின் மேல் கத்தியை ஓங்குகிறார், உங்கள் சபதம் தடுக்கச் சொல்கிறது. அப்போது ஆட்டத்தை நிறுத்துங்கள். கேரக்டரை விட்டு வெளியே வந்து, "இந்தக் காட்சி எப்படி முடிந்தால் நம் இருவருக்கும் நன்றாக இருக்கும்?" என்று ஆடுபவரைக் கேளுங்கள். இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே பகடை உருள வேண்டும். பாலடின் தோழர் மீது முதலில் ஆயுதம் தூக்கக் கூடாது. குறுக்கே நிற்கலாம், அடியைத் தன் மேல் வாங்கலாம்.

படி 6: சபதம் உடையும்போது

உடையும். உடையாத சபதத்தை யாரும் சோதித்தே பார்க்கவில்லை என்று பொருள். மீறலை மூன்று தரமாகப் பிரித்து டிஎம்மோடு முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.

சறுக்கல்: அவசரத்தில், அறியாமல், அல்லது மேலான சபதத்துக்காகக் கீழ்ச் சபதத்தை மீறியது. ஓர் இரவு விழித்திருந்து வேண்டுதல், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பு. சக்தி எதுவும் போகாது.

மீறல்: தெரிந்தே செய்தது, ஆனால் வருந்துகிறார். ஒரு திறன், உதாரணமாக ஸ்மைட் அல்லது ஆரா, பரிகாரம் முடியும்வரை நிற்கும். பரிகாரம் அந்தத் தவறோடு சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். பொய்யால் ஒருவர் சிறைக்குப் போனார் என்றால், அவரை வெளியே கொண்டுவருவதுதான் பரிகாரம். எங்கோ ஒரு டிராகனைக் கொல்வது பொருந்தாது. இரண்டு மூன்று செஷனுக்குள் முடியும்படி வையுங்கள், அதற்கு மேல் இழுத்தால் அந்த ஆட்டக்காரர் பாதி கேரக்டரோடு உட்கார்ந்திருப்பார்.

வீழ்ச்சி: தெரிந்து செய்தார், வருந்தவும் இல்லை. 2014 விதிகளில் டிஎம் வேறு வகுப்புக்கு மாறச் சொல்லலாம், அல்லது 'ஓத்பிரேக்கர்' (சபதத்தை உடைத்த பாலடின்) ஆகலாம். இதை ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் எப்போதும் செய்யக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால்: 3.5-இல் அட்டோன்மென்ட் ஐந்தாம் நிலை கிளெரிக் (பூசாரி) மந்திரம், வேண்டுமென்றே செய்த பாவத்தைக் கழுவ மந்திரம் செய்பவரே 500 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) இழப்பார். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் முதல் வடிவில் ஃபோகஸ் பூலும் (சிறப்பு மந்திரங்களுக்கான ஆற்றல்) டிவைன் அல்லியும் (தெய்வம் தரும் துணை) போகும், மற்றவை இருக்கும். நெறி போனால் மொத்தமும் போகும் என்பதைவிட இந்த அளவுதான் ஆட வசதியானது.

தர்மசங்கடம் அமைக்கும் டிஎம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பக்கம் போனாலும் வீழ்ச்சி என்று பொறி வைத்தால் அது சோதனை ஆகாது, தண்டனை. இரண்டு சபதங்களை மோதவிடுங்கள், ஆனால் விலை கொடுத்தால் வெளியே வர ஒரு வழியாவது இருக்கட்டும்: பணம், காயம், அவமானம், நேரம் எதுவாகவும். அப்படிப்பட்ட காட்சி மூன்று நான்கு செஷனுக்கு ஒன்று போதும். வாரா வாரம் வந்தால் மற்றவர்கள் உங்கள் மனசாட்சியை வேடிக்கை பார்க்கும் கூட்டமாகிவிடுவார்கள்.

படி 7: நீண்ட ஓட்டத்தில்

சிறிய அட்டை ஒன்றில் முன்பக்கம் சபதங்களை வரிசையாக எழுதுங்கள். ஒரு நகல் டிஎம்முக்கு. பின்பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: கொடுத்த வாக்குகள் (யாருக்கு, எந்த செஷனில்), கடன்பட்ட பரிகாரங்கள், பத்தில் ஒன்று கணக்கு. 340 தங்கக் காசு பங்கு வந்தால் 34 அங்கே எழுதப்பட வேண்டும், அடுத்த ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் அது செலவாகியிருக்க வேண்டும். வாக்குகள் பட்டியல் டிஎம்முக்குத் தங்கச் சுரங்கம். ஆறாவது செஷனில் ஒரு சிறுவனிடம் "திரும்பி வருவேன்" என்று சொன்னது பதினெட்டாவது செஷனில் ஒரு கதையாகும்.

ஐந்து செஷனுக்கு ஒரு முறை அட்டையை எடுத்து, இதுவரை ஒரு முறைகூட விலை கேட்காத சபதம் எது என்று பாருங்கள். அதைக் கூர்மையாக்கி எழுதுங்கள், அல்லது எடுத்துவிட்டு வேறொன்று வையுங்கள். கேரக்டர் மாறியிருந்தால் வரிசையும் மாறலாம். ஆனால் அதை மேசைக்கு வெளியே சத்தமில்லாமல் மாற்றாமல், ஆட்டத்துக்குள் ஒரு காட்சியாக வையுங்கள்: ஒரு கோயில், ஒரு சாட்சி, பழைய வரியை வாசித்துப் புதிய வரியைச் சொல்வது. சாட்சியாக நிற்கச் சொல்லி அந்த ரோக்கையே கூப்பிடுங்கள்.